தம்பியைக் கேட்டு வாங்கி வந்தது

எங்கள் கரையில் என்னைப் போல் சபையில் பேசுகிறவன் இன்றைக்கும் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாது என்பார்கள். வேறு யார் சொல்வது? கேட்டவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். எங்கள் மாவோரிப் பேச்சில் ஒரு சொல் வாயில் வந்தால் போதும், வாத்தியார் தோல் வாரை எடுப்பார். மூன்றாவது முறை அவர் எடுத்தபோது நான் ஜன்னல் வழியாக வெளியே குதித்தேன். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காட்டில் மரம் வெட்டுகிறவர்களோடு போய்ச் சேர்ந்தேன். அவர்கள் எல்லாரும் எங்கள் ஆட்கள். பாட்டன் பூட்டன் பெயர் வரிசையும் பழைய பாட்டும் கோடாரிச் சத்தத்தோடு சேர்ந்து என் காதில் ஏறின. இருபத்தெட்டு வயதில் சொந்த லாரி வாங்கினேன். ஐம்பது வயதில் மரம் ஏற்றும் லாரி பதினொன்று. எல்லாக் கதவிலும் மனிஹெரா என்று என் பெயர். படித்தவன் ஒருவனும் எனக்காக எங்கேயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆனால் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி இல்லை. என் தம்பி ஏனோக்காவைப் பற்றி.

அவன் எனக்கு இரண்டு வயது இளையவன். அவன் பள்ளியில் தங்கிவிட்டான். முதல் பெஞ்சு. பதினைந்து வயதில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவான், அம்மா பேசினால் அவனுக்குப் பாதி புரியாது. பத்தொன்பதில் ரோட்டோருவாவுக்குப் போனான். எங்களிடமிருந்து ஐந்து மணி நேரம். அங்கே ஏரிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டல். முதலில் தட்டுக் கழுவினான். ஒரு நாள் மேலாளர் அவனுடைய உயரத்தையும் தோளையும் பார்த்துவிட்டு, சாயங்கால ஆட்டத்தில் முன் வரிசையில் நிறுத்திவிட்டார்.

இருபத்தாறு வருஷம் அந்த முன் வரிசைதான். தினமும் ஏழு மணிக்கு நார்ப் பாவாடை கட்டுவான், வெறும் மார்பு, கையில் தடி. முகத்தில் பழைய தலைவர்களுக்குக் குத்திய பச்சைக் கோலத்தைப் புருவப் பென்சிலால் வரைந்துகொள்வான். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி ஹாக்கா என்கிற எங்கள் போர்க்கூத்தை ஆடுவான். ஆடி முடித்ததும் அவர்கள் அவன் பக்கத்தில் நின்று தாங்களும் நாக்கை நீட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது மணிக்கு ஒரு டப்பி கிரீமை எடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவான். அவன் வாயில் வந்த பாட்டு ஒவ்வொன்றும் மனப்பாடம். அர்த்தம் கேட்டால் சிரிப்பான்.

அவன் படம் போட்ட தபால் அட்டை எல்லாக் கடையிலும் விற்றது. ஒன்றை வாங்கி எங்கள் ஓட்டுநர்கள் அறையில் ஒட்டி வைத்தேன். 'மை மூஞ்சி' என்று பெயரும் வைத்தேன். அந்தப் பெயர் கரை முழுக்கப் பரவியது. பேர் வைப்பதில் எனக்கு ஒரு கைராசி உண்டு.

அவன் மனைவி ராஹெரா ஏரிக்கரைப் பெண். அதே ஆட்டத்தில் இரண்டாவது வரிசையில் பாடினவள். ஒரே பிள்ளை, பையன், ஒன்பது நாள் இருந்தான். அந்த ஊரில் மண் கொதிக்கிற மண். ஆறடி தோண்டினால் ஆவி வரும். அதனால் இறந்தவர்களைத் தரைக்கு மேலே சிமெண்டுப் பெட்டி கட்டி அதற்குள் வைப்பார்கள். ஏனோக்கா பையனுக்குச் சின்னதாக ஒன்று கட்டினான். ஒட்டினாற்போல், தனக்கும் அவளுக்கும் பெரியதாக ஒன்று கட்டினான். ஒவ்வொரு ஜூலையிலும் இரண்டுக்கும் வெள்ளையடிப்பான்.

தொண்ணூற்று இரண்டில் முன் வரிசைக்கு இளசுகள் வந்துவிட்டார்கள். அவனை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் எனக்குப் போன் செய்தான்.

"அண்ணே, தாத்தா படத்துல இடது கன்னத்துல ஒரு கோலம் இருக்குமே, மூக்குப் பக்கத்துல கொக்கி மாதிரி. அது எந்தப் பக்கம் வளையும்?"

"ஏன்டா? ஆட்டத்துக்குத் திரும்பக் கூப்பிட்டாங்களா?"

"இல்லண்ணே. சும்மா கேட்டேன்."

"கடையில உன் படம் போட்ட அட்டை விக்குமே, அதைப் பாத்து வரைஞ்சுக்கோ, மை மூஞ்சி."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். லாரி ஒன்று பள்ளத்தில் சரிந்துவிட்டது என்று ஆள் வந்து நின்றான். போனை வைத்துவிட்டேன். அப்புறம் பதினேழு மாதம் அவனைப் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. வேலை.

தொண்ணூற்று நாலு ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ராஹெரா கூப்பிட்டாள்.

"அத்தான், அவர் போயிட்டார். நெஞ்சு. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையில் ரொட்டி இருந்தது. அதைத் தட்டில் வைத்தேன்.

"நாங்க வரோம்" என்றேன்.

"வாங்க. வந்து அவரைக் கேளுங்க. நல்லா சத்தமா கேளுங்க. இங்க எல்லாருக்கும் அவர் வந்தேறிதான். சொந்த ஜனம் ஒருத்தரும் வந்து கேக்கலன்னு பேச்சு வந்துடக் கூடாது. ஒரு மணி நேரமாவது சண்டை போடுங்க. அப்புறம் எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. பையன் பக்கத்துல படுக்கணும்னு அவர் கட்டி வச்சிருக்கார்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றேன்.

எங்களில் அதுதான் வழக்கம். வேறு ஊரில் ஒருவன் செத்தால் பிறந்த ஊர்க்காரர்கள் போய் உடலைக் கேட்பார்கள். கொடு, எங்கள் ஆள், எங்கள் மண்ணுக்கு வரட்டும் என்பார்கள். இருக்கிற ஊர்க்காரர்கள் மாட்டேன் என்பார்கள். ஏசிக்கொள்வார்கள், பாட்டன் பெயரை எல்லாம் இழுப்பார்கள். எவ்வளவு சண்டையோ அவ்வளவு மரியாதை செத்தவனுக்கு. கேட்க ஆள் வராத பிணத்தைப் போல் கேவலம் ஒன்று கிடையாது. கடைசியில் பெரும்பாலும் கேட்டவர்கள் விட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள்.

இரண்டு பஸ் நிறைய ஆள் சேர்த்துக்கொண்டு போனோம். அத்தை கரரைனா முன்னால் நடந்தாள். எங்கள் பக்கத்துக் குரல் அவள்தான். அங்கிருந்து ஒரு பெண்குரல் அழைக்க, இவள் பதில் குரல் கொடுக்க, நாங்கள் மெல்ல நடந்து அவர்கள் முற்றத்துக்குள் போனோம். எதிரே மூதாதை வீடு, ஊருக்கே பொதுவான வீடு. அதன் முன்தாழ்வாரத்தில் திறந்த பெட்டி. பக்கத்தில் தலையில் இலை வளையத்தோடு, கறுப்பில், ராஹெரா. பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறவள் அந்த ஊர்ச் சபையில் வாய் திறக்கக்கூடாது. அழலாம்.

எங்கள் பெஞ்சிலிருந்து பெட்டி முப்பதடி இருக்கும். அங்கிருந்தே பார்த்தேன். அவன் முகம் முழுக்கக் கோலம். நெற்றியிலிருந்து தாடைவரை கறுப்பு.

செத்தவனுக்குக்கூட மை பூசி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோபம் வந்ததா என்று கேட்டால் தெரியாது. கால் விரல்கள் மரத்திருந்தன. அது மட்டும் நினைவிருக்கிறது.

என் முறை வந்தது. கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அன்றைக்குப் பேசினது போல் நான் முன்னும் பேசினதில்லை, பின்னும் பேசினதில்லை. இருபத்திரண்டு தலைமுறை பெயர் சொன்னேன், ஒரு பெயர் தடுக்கவில்லை. எங்கள் மூதாதையர் வந்த படகு கரை ஒதுங்கியதைச் சொன்னேன். முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்தேன். எங்கள் ஆட்கள் ஒவ்வொரு வரிக்கும் "ஆமாம், அப்படித்தான்" என்று குரல் கொடுத்தார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"இருபத்தாறு வருஷம் இவன் மூஞ்சியில மை பூசி வித்தீங்க!" என்றேன். "நாக்கு நீட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்னு எங்க பையனை எடுத்துக்கிட்டீங்க. செத்த பிறகாவது துடைச்சு விட்டீங்களா? அதையும் பூசித்தான் படுக்க வச்சிருக்கீங்க. கொடுங்க அவனை. எங்க ஆத்துத் தண்ணியில முகத்தைக் கழுவி, அவங்க அம்மா பெத்த முகத்தோட புதைக்கிறோம்!"

பதிலுக்கு யாராவது எழுந்து என்னைக் கிழிப்பார்கள் என்று நின்றேன். அதற்குத்தானே வந்தது. ராஹெரா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஹாமுவேரா. எண்பது தாண்டினவர். தடியை ஊன்றி எழ அவருக்கு நேரம் ஆனது. நடக்கவில்லை, நின்ற இடத்திலேயே பேசினார்.

"தம்பி மனிஹெரா, நீ நல்லா பேசுற. உங்க கரையிலேருந்து வந்து இப்படிப் பேசி நான் கேட்டதில்ல." பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "கூட்டிட்டுப் போ. முகத்தை நீயே உன் கையால கழுவு."

தடியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் ஆர்ப்பரித்தார்கள். நான் அப்படியே நின்றேன். அத்தை கரரைனா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடா, மரம் மாதிரி நிக்கிற? கொடுத்துட்டாங்க."

"அத்தை, ராஹெராகிட்ட விட்டுட்டு வரேன்னு சொல்லியிருந்தேன்."

"அதை முன்னாடி யோசிச்சிருக்கணும். இப்ப வேண்டாம்னு சொன்னா அவங்க முகத்துல துப்பின மாதிரி. நம்ம பையனும் ரெண்டு பக்கமும் இல்லாதவனாயிடுவான். போ, மூக்கு ஒத்திட்டு வா."

வரிசையாகப் போய், வணக்கம் சொல்லும் எங்கள் முறைப்படி மூக்கோடு மூக்கு ஒற்றினோம். ஹாமுவேராவின் மூக்கு குளிர்ந்திருந்தது. அவர் என் கையைச் சாதாரணமாகத்தான் பிடித்தார். பெட்டிக்குப் போய்த் தம்பியின் நெற்றியில் நெற்றி வைத்தேன். மையைக் கனமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

எடுத்துப்போக வண்டி நாங்கள் கொண்டு வரவில்லை. உடலோடு திரும்புவோம் என்று யார் நினைத்தது? ஆட்டக் கோஷ்டிக்காரர்கள் தங்கள் வேனைக் கொடுத்தார்கள். அதன் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு ஒரு படம். கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, முப்பது வயது ஏனோக்கா. உள்ளே பெட்டி, பெட்டிக்கு அந்தப் பக்கம் ராஹெரா, இந்தப் பக்கம் நான். ஐந்து மணி நேரத்தில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். கறுப்புச் சட்டையோடு நான் கீழே இறங்கி நின்றேன். ஒரு வெளிநாட்டுத் தம்பதி, மழைக்கோட்டு போட்டவர்கள், சிரித்துக்கொண்டே வந்தார்கள். அந்த ஆள் வேனைப் படம் எடுத்தான். அப்புறம் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"உங்க நிகழ்ச்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"முடிஞ்சு போச்சு" என்றேன்.

"அடடா!" என்றாள். அந்த ஆள் இன்னொரு படம் எடுத்தான். அந்தப் படம் எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கும். நான் கேமராவைப் பார்த்துத்தான் நின்றேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் எங்கள் மூதாதை வீட்டுத் தாழ்வாரத்தில் பெட்டியைத் திறந்தோம். ஆற்றுத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். சபையில் சொன்னதைச் செய்ய வேண்டும். துணியை நனைத்து அவன் கன்னத்தைத் துடைத்தேன். போகவில்லை.

"எண்ணெய் போட்டுத் துடைடா" என்றாள் அத்தை. சமையலறையிலிருந்து எண்ணெய் வந்தது. துணியைப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

"நல்லா அழுத்து. அந்த ஊர்க்காரனுங்க என்ன எழவைப் பூசினானுங்களோ."

"அது வராது அத்தான்" என்றாள் ராஹெரா.

முந்தின நாளிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"குத்தினது. போன வருஷம் மார்ச்சுல. ஊசியால, நாலு நாள். ஒரு சத்தம் போடல மனுஷன்."

துணி என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"ஆட்டத்துலேருந்து அனுப்பினதும் ஹாமுவேரா வீட்டுக்குப் போக ஆரம்பிச்சார். தினமும். குழந்தை மாதிரி, இது தண்ணி, இது மரம்னு முதல்லேருந்து பேச்சுப் படிச்சார். இத்தனை வருஷம் அவர் பாடின பாட்டுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக் கொடுத்தது பெரியவர்தான். அப்புறம் ஒரு நாள், 'உனக்கு முகம் கொடுக்கலாம்'னு அவரே சொன்னார். எங்க ஊர்ல வந்தேறிக்கு அதைக் கொடுத்ததே இல்ல."

நான் குனிந்து பார்த்தேன். வலது கன்னத்தில் எங்கள் அம்மா வழிக் கோலம். இடது கன்னத்தில் மூக்கை ஒட்டிக் கொக்கி, வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. உள்ளே சுவரில் தாத்தா படம் மாட்டியிருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்கத் தேவையில்லை. போய்ப் பார்த்தேன். அதே வளைவு.

"யார் காட்டினது இதை?"

"உங்களைத்தான் கேட்டார். அப்புறம் அவரே இங்க வந்தார். நீங்க காட்டுக்குப் போயிருந்தீங்களாம். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் உக்காந்திருந்தார். காகிதத்துல வரைஞ்சுக்கிட்டுத் திரும்பிட்டார்."

"அந்தப் பெரியவர் அங்கேயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. பச்சை குத்தினதுடா மடையான்னு ஒரு வார்த்தை."

"உங்க ஆளுங்க அத்தனை பேர் முன்னாடியா? தம்பி முகமே தெரியாதவன்னு உங்களை உக்கார வைக்கவா?" அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "உங்களை அப்படி அசிங்கப்படுத்துறதுக்குப் பதிலா அவரைக் கொடுத்துட்டார்."

அத்தை கரரைனா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் முற்றத்துக்கு வந்தேன். ஜனம் நிறைய வந்திருந்தது. தடியை எடுத்தேன். அந்த முற்றத்தில் எனக்குச் சொல் வராமல் போனது அன்றைக்குத்தான்.

"தம்பியைத் திருப்பிக் கொண்டுபோய் விடப் போறேன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கூச்சல் எழுந்தது. "குழி வெட்டியாச்சு!" என்றான் ஒருவன். "மண்ணடுப்புல பன்னி இறக்கியாச்சு!" என்றான் இன்னொருவன். "சண்டை போட்டு ஜெயிச்சுட்டு வந்து என்ன பேச்சு இது?" என்றார்கள்.

எங்கள் கரையில் பெண்களும் சபையில் எழுந்து பேசலாம். ஏரிக்கரையில் கிடையாது. ராஹெரா பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்தாள். எல்லாரும் வாயை மூடினார்கள்.

"வேண்டாம்" என்றாள். "இங்கேயும் அங்கேயும் ஏத்தி இறக்கறதுக்கு, அவர் என்ன உங்க லாரி மரமா?"

யாரும் சிரிக்கவில்லை.

"எங்க பெரியவர் கொடுத்துட்டார். கொடுத்ததைத் திருப்பிக்கொண்டு போய் அவர் முன்னாடி வச்சா, அவர் என்ன செய்வார்? இங்கேயே வையுங்க." என் பக்கம் திரும்பினாள். "ஆனா அத்தான், என் பையன் அங்க தனியா இருக்கான். வருஷா வருஷம் அவர்தான் வெள்ளையடிப்பார். இனிமே யார் அடிப்பா?"

"நான் அடிக்கிறேன்."

"சபையில சொல்றீங்க."

"சபையிலதான் சொல்றேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் புதைத்தோம். அம்மாவுக்குப் பக்கத்தில், குளிர்ந்த மண்ணில். இடுகாட்டு வாசலில் தண்ணீரில் கையைக் கழுவித் தலையில் தெளித்துக்கொண்டோம். பந்தி உட்கார்ந்தது. பன்றிக்கறி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிங்கி இறால். நான் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன். ருசி தெரிந்ததா என்று கேட்காதீர்கள். ஓட்டுநர்கள் அறைக்குப் போய்த் தபால் அட்டையைப் பிய்த்தேன். அது இருந்த இடம் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் முப்பது ஜூலை ஆகிவிட்டது. ஒன்றும் தவறவில்லை. என்னிடம் ஆட்களுக்குக் குறைச்சல் இல்லை, யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. வாளியும் மட்டையும் நானே கொண்டு போகிறேன். முதலில் சின்னப் பெட்டி. அப்புறம் பெரியது. பெரியதின் மூடி இன்னும் சுவரில் சாய்த்து வைத்தபடியே இருக்கிறது. உள்ளே சருகு சேர்ந்திருக்கும், வாரிப் போடுவேன். தரையின் சூடு செருப்பு வழியாக ஏறும். எனக்கு அங்கே அழுகை வந்ததில்லை. வரும் என்று முதல் சில வருஷம் காத்திருந்தேன்.

ஐந்தாவது வருஷம் ஹாமுவேரா போனார். அவர் சாவுக்கு எங்கள் கரையிலிருந்து மூன்று பஸ் போயிற்று. எங்கள் முறை வந்தபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு எந்த முற்றத்திலும் நான் இன்றைக்கும் பேசுகிறேன், என்னை வெல்ல ஆள் வரவில்லை. அங்கே நான் எழவில்லை. என் மைத்துனன் எழுந்து பேசினான். ஆறாவது தலைமுறையிலேயே தடுக்கினான்.

இந்த வருஷமும் போனேன். எனக்கு முழங்கால் மடங்குவதில்லை, அதனால் ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தபடி அடித்தேன். ராஹெராவுக்குக் கண் மங்கிவிட்டது என்கிறார்கள். பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். ஊற்றிக் கொடுத்துவிட்டு, பெரிய பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். கையால் தடவிப் பார்த்தாள்.

"இந்தப் பின்பக்க மூலை விட்டுப்போச்சு அத்தான்" என்றாள்.

டீயைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்த மூலையை அடித்தேன்.